10 சதவீதம்தான் என் பங்கு, முழுக் கடனையும் என்னிடம் கேட்கிறார்கள்

பல்லடம்_டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன். விவரத்தை விட்டுவிட்டுக் கேட்டால் சரியான பதில் கிடைக்காது என்று பட்டது.

நான் பல்லடம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். சம்பளம் 16,500. என் அண்ணனும் அவருடைய நண்பர் ஒருவரும் சேர்ந்து 2014-ல் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆரம்பித்தார்கள். பெரிய எக்ஸ்போர்ட் எல்லாம் இல்லை. நூல் வாங்கி, நிட்டிங், டையிங் இரண்டையும் வெளியில் கொடுத்துவிட்டு, கட்டிங்கும் தையலும் மட்டும் சொந்த ஷெட்டில். ஓவர்லாக், பேட்லாக் எல்லாம் சேர்த்து 22 மிஷின் ஓடியது. அந்த ஷெட் நிற்கிற 18 சென்ட் இடம் என்னுடையது. கல்யாணத்துக்கு முன்பே அப்பா என் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தது. பேங்க்கில் சிசி லோன் (ஒரு லிமிட் வரை எடுத்து எடுத்துக் கட்டும் தொழில் கடன்) வாங்க இடப் பத்திரம் வேண்டும், இடத்துக்காரரும் கம்பெனியில் இருந்தால் நல்லது என்று யாரோ சொல்லி, என்னையும் பார்ட்னராகச் சேர்த்தார்கள். பார்ட்னர்ஷிப் பத்திரத்தில் அண்ணனுக்கு 45 சதவீதம், நண்பருக்கு 45, எனக்கு 10. நான் ஒரு நாளும் ஷெட்டில் உட்கார்ந்து கணக்குப் பார்த்ததில்லை. இரண்டு தீபாவளிக்குப் பணம் கொடுத்தார்கள், முதலில் 40,000, அடுத்து 25,000. அவ்வளவுதான் நான் அந்தக் கம்பெனியிலிருந்து பார்த்த பணம்.

2019 ஏப்ரலில் விலகிவிட்டேன். என் கணவருக்கு ஆரம்பத்திலிருந்தே இதில் இஷ்டமில்லை. 100 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். அதில் இப்படி ஒரு வரி இருக்கிறது: "இன்று முதல் நிறுவனத்தின் கடன், வில்லங்கம் எதுவாயினும் தொடரும் பங்குதாரர்களே பொறுப்பு, விலகுபவருக்கு எவ்விதப் பொறுப்பும் இல்லை." அந்தப் பேப்பரை பீரோவில் அப்பாவின் இறப்புச் சான்றிதழ் இருக்கிற மஞ்சள் கவரிலேயே வைத்திருக்கிறேன். அத்தனை நம்பிக்கை அந்த ஒரு வரியின் மேல்.

போன மாதம் ஸ்கூலுக்கே ஒரு ரிஜிஸ்டர் தபால் வந்தது. ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் பார்க்க வாங்கிப் பிரித்தேன். ஈரோட்டு நூல் கடை ஒன்றின் வக்கீல் நோட்டீஸ். 2022-ல் இருந்து 2023 வரை சரக்கு எடுத்த வகையில் 14,62,000 ரூபாய் பாக்கி, அதற்கு 18 சதவீத வட்டி, "பங்குதாரர்கள் மூவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும்" கட்ட வேண்டுமாம். அந்தத் "தனித்தனியாகவும்" என்ற சொல்லை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. அண்ணனின் நண்பர் ஊரிலேயே இல்லை, போன் எடுப்பதில்லை. அவர் குடியிருக்கும் வீடு அவர் மனைவி பெயரில். அண்ணனிடம் ஒன்றும் மிச்சமில்லை. எங்கள் மூன்று பேரையும் பார்த்தால் சொத்து என்று இருப்பது எனக்கு மட்டும்தான்.

இது போதாதென்று பேங்க்கிலிருந்தும் கூப்பிடுகிறார்கள். சிசி லிமிட் 40 லட்சம், இப்போது வட்டியோடு 43 லட்சத்தைத் தாண்டிவிட்டதாம். நான் விலகியாகிவிட்டதே என்றேன். "பார்ட்னரா விலகியிருக்கலாம் மேடம், ஜாமீன்தாரரா நீங்கதானே இருக்கீங்க, பத்திரமும் உங்களுதுதானே" என்றார் அந்த ஆபீசர்.

நான் கேட்பது இதுதான். லாபத்தில் 10 சதவீதம் என்றால் கடனிலும் 10 சதவீதம்தானே நியாயம்? 14,62,000-ல் என் பங்கு 1,46,200. அதையே நான் விலகிய பிறகு வாங்கிய சரக்கு என்பதால் கொடுக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் கொடுத்துத் தொலைத்து வெளியே வரத் தயார். முழுவதையும் என் ஒருத்தியிடம் கேட்க எந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது? நூல் கடையிலிருந்து பேசிய ஒரு ஆள் "பணம் வரலேன்னா உள்ள வெச்சுருவோம்" என்றும் சொன்னான். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். இரண்டு வாரமாக ராத்திரி தூக்கம் இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். அண்ணன் மேல் கேஸ் போடு என்று மட்டும் எடுத்ததும் சொல்லிவிடாதீர்கள். அம்மா அவரோடுதான் இருக்கிறார்.

ஓய்வுபெற்ற_சிரஸ்தார்:

அம்மா, நான் 31 வருடம் சிவில் கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வக்கீல் அல்ல. ஆனால் உங்களைப் போன்றவர்கள் கையில் சம்மனோடு வந்து நின்றதை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அதனால் முதலில் பயத்தைக் குறைக்கிற விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பணம் கட்டச் சொல்லும் தீர்ப்பை நிறைவேற்றுவதற்காக ஒரு பெண்ணைக் கைது செய்ய முடியாது. சிவில் நடைமுறைச் சட்டம் 56-வது பிரிவு. "உள்ளே வைப்போம்" என்று சொன்னவனுக்கு அது தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டான். அதே சட்டத்தின் 60-வது பிரிவில் எதையெல்லாம் ஜப்தி செய்யக் கூடாது என்று இருக்கிறது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை. தாலியில் கை வைக்க முடியாது. சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் உங்களுடையது. உங்கள் 16,500-க்குக் கணக்குப் போட்டால் அதிகபட்சம் மாதம் 5,166 ரூபாய்தான் பிடிக்க முடியும். ஒரே தீர்ப்புக்காக மொத்தம் 24 மாதத்துக்கு மேல் பிடிக்கவும் முடியாது.

சரி, இனி கசப்பான பகுதி. கூட்டு வணிகச் சட்டம் 1932, 25-வது பிரிவு. பார்ட்னராக இருக்கும் காலத்தில் கம்பெனி செய்த ஒவ்வொரு செயலுக்கும் ஒவ்வொரு பார்ட்னரும் மற்றவர்களோடு கூட்டாகவும், தனித்தும் பொறுப்பு. 10 சதவீதம், 45 சதவீதம் எல்லாம் உங்கள் மூன்று பேருக்குள் உள்ள கணக்கு. வெளியே நிற்கிற கடன்காரருக்கு அந்தக் கணக்கு கிடையாது. அவர் மூன்று பேரிடமும் கேட்கலாம், உங்கள் ஒருவரிடம் முழுவதையும் கேட்கலாம். நீங்கள் கட்டினால், உங்கள் பங்குக்கு மேல் கட்டியதை மற்ற இருவரிடமும் நீங்கள்தான் போய் வசூலிக்க வேண்டும். யார் ஓடிப்போனார்கள், யாரிடம் பணம் இல்லை என்கிற தலைவலியைச் சட்டம் கடன் கொடுத்தவர் தலையில் வைக்காமல், ஒருவரை ஒருவர் நம்பித் தொழில் செய்தவர்கள் தலையில் வைக்கிறது.

உங்கள் விலகல் பத்திரத்துக்கு வருகிறேன். அது செல்லாத காகிதம் இல்லை. ஆனால் அது கட்டுப்படுத்துவது உங்கள் அண்ணனையும் அவர் நண்பரையும்தான், நூல் கடைக்காரரை அல்ல. 32-வது பிரிவு என்ன சொல்கிறது என்றால், பார்ட்னர் விலகினாலும் பொது அறிவிப்பு கொடுக்கும் வரை, கம்பெனியின் பிந்தைய செயல்களுக்கும் வெளியாருக்குப் பொறுப்பாகவே இருப்பார். பதிவு பெற்ற நிறுவனம் என்றால் பொது அறிவிப்புக்கு மூன்று படி: கூட்டு வணிக நிறுவனங்களின் பதிவாளருக்குத் தகவல், அரசிதழில் ஒரு விளம்பரம், அந்த மாவட்டத்தில் வருகிற ஒரு தமிழ் நாளிதழில் ஒரு விளம்பரம். இதைக் கம்பெனிக்காரர்கள்தான் கொடுக்க வேண்டும் என்று இல்லை, விலகுபவரே கொடுக்கலாம். நீங்கள் கொடுத்தீர்களா? உங்கள் பதிவில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை, அதனால்தான் கேட்கிறேன்.

அதே 32-வது பிரிவில் உங்களுக்கு ஒரு ஜன்னலும் இருக்கிறது. நீங்கள் பார்ட்னராக இருந்ததே தெரியாமல் கம்பெனியோடு வியாபாரம் செய்த ஒருவருக்கு, விலகிய பார்ட்னர் பொறுப்பு ஆக மாட்டார். இந்த நூல் கடை முதன்முதலில் சரக்குக் கொடுத்ததே 2022-ல்தானா, அதற்கு முன்பே பழக்கமா? நோட்டீஸை எடுத்து அந்தத் தேதியைப் பாருங்கள். உங்கள் வழக்கின் உயிர் அந்தத் தேதியில்தான் இருக்கிறது.

இன்னொன்று. கோர்ட்டில் நான் அடிக்கடி பார்த்த தவறு, "நான்தான் விலகிவிட்டேனே" என்று சம்மனை மதிக்காமல் வீட்டில் உட்கார்ந்துவிடுவது. பார்ட்னர் என்று உங்கள் பெயருக்கே சம்மன் வந்து நீங்கள் ஆஜராகாவிட்டால், கம்பெனிக்கு எதிரான தீர்ப்பை உங்கள் தனிச் சொத்தின் மேலும் நிறைவேற்றலாம். "அந்தக் காலத்தில் நான் பார்ட்னரே இல்லை" என்று ஆட்சேபத்தோடு ஆஜராக சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 30, ரூல் 8-ல் வழி இருக்கிறது. வக்கீலுக்கு இது தெரியும், நீங்கள் போய் உட்கார்ந்தால் போதும். இப்போது வந்திருக்கிற நோட்டீஸுக்கும் பதில் போட்டே ஆக வேண்டும்.

அண்ணன் விஷயம். நான் கேஸ் போடச் சொல்லவில்லை. நடப்பதையெல்லாம் அவருக்கு எழுத்தில் தெரிவித்து, அவர் ஒப்புக்கொள்வதை எழுத்தில் வாங்குங்கள். ஜாமீன்தாரராக நீங்கள் பேங்க்குக்குப் பணம் கட்டினால், கட்டிய நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் கேட்டால்தான் அந்தப் பணத்தைக் கடனாளிகளிடம் கோர்ட் மூலம் வாங்க முடியும். அண்ணனாச்சே என்று சும்மா இருந்தால், அந்த நண்பரிடம் கேட்கும் உரிமையும் சேர்ந்தே போய்விடும். இந்த மாதிரி எத்தனையோ மனுக்களைக் காலாவதி என்று திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அப்போதெல்லாம் மனதுக்குக் கஷ்டமாக இருக்கும்.

நூல்_வியாபாரி:

அக்கா, உங்களுக்கு நோட்டீஸ் விட்ட கடை என் கடை இல்லை. ஆனால் நானும் 20 வருடமாக நூல் விற்பவன், அதனால் அந்தப் பக்கத்தையும் சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நாங்கள் ஒரு கம்பெனிக்கு 45 நாள் கடனில் 30 மூட்டை, 40 மூட்டை அனுப்புகிறோம் என்றால் அங்கே ஓடுகிற மிஷினை நம்பி அனுப்புவதில்லை. மிஷின் ஒரே ராத்திரியில் டெம்போவில் ஏறிப் போய்விடும். பார்ட்னர் யார் யார், யார் பெயரில் இடம் இருக்கிறது என்று விசாரிப்போம். ஜிஎஸ்டி தளத்தில் கம்பெனியின் எண்ணைப் போட்டால் பார்ட்னர்களின் பெயர் வந்துவிடும். அதில் இடத்துக்காரரின் பெயர் இருந்தால் மனதுக்கு ஒரு தைரியம். 2020-க்குப் பிறகு என் பணமும் மூன்று கம்பெனியில் நின்றுபோனது. என் கடையிலும் எட்டுக் குடும்பம் சாப்பிடுகிறது. மில்காரர் என்னிடம் "உன் பார்ட்டி கொடுக்கலை, நீ பத்து சதவீதம் கொடு" என்று சொல்வதில்லை, முழுசாகத்தான் கேட்பார்.

அதனால் இன்று முதல் வேலையாக, அந்தக் கம்பெனியின் ஜிஎஸ்டி எண்ணை நோட்டீஸிலிருந்து எடுத்து, தளத்தில் போட்டு, உங்கள் பெயர் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பில் புத்தகம், லெட்டர்பேடில் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஜிஎஸ்டியில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 90-வது பிரிவு. பார்ட்னர் விலகினால் ஒரு மாதத்துக்குள் அதிகாரிக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், சொல்கிற நாள் வரைக்கும் கம்பெனியின் வரி பாக்கி, வட்டி, அபராதம் எல்லாவற்றுக்கும் விலகியவரும் பொறுப்பு. நூல் கடைக்காரன் நாளைக்குப் பேசித் தீர்த்துக்கொள்வான், வரி அப்படி இல்லை.

பல்லடம்_டீச்சர்:

சிரஸ்தார் ஐயாவுக்கும் நூல் வியாபாரி தம்பிக்கும் நன்றி. 56-வது பிரிவு பற்றி ஐயா எழுதியதைப் படித்த அன்றைக்குத்தான் சரியாகச் சாப்பிட்டேன்.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். பதிவாளர், அரசிதழ், பேப்பர் விளம்பரம் எதுவும் கொடுக்கவில்லை. அப்படி ஒன்று உண்டு என்றே எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நூல் கடையின் முதல் பில் 2022 ஜூலை, அதற்கு முன்பு அவர்களோடு பழக்கம் இல்லை என்று அண்ணனும் சொல்கிறார். ஆனால் ஜிஎஸ்டி தளத்தில் பார்த்தேன். மூன்று பெயர், மூன்றாவதாக என் பெயர், அப்பாவின் இனிஷியலோடு. மாற்றச் சொல்லி ஆடிட்டரிடம் சொன்னதாக அண்ணன் சொல்கிறார், கம்பெனியிலிருந்து பேப்பரே வரவில்லை என்று ஆடிட்டர் ஆபீஸில் சொல்கிறார்கள்.

பேங்க் விஷயத்தில் மறந்திருந்த ஒன்று இப்போது ஞாபகம் வந்தது. 2021-ல், அதாவது நான் விலகி இரண்டு வருடம் கழித்து, "லோன் ரினிவல், சும்மா ஒரு கையெழுத்து" என்று அண்ணன் கூட்டிப்போனார். பென்சிலில் இன்டு போட்டு வைத்திருந்த இடத்தில் எல்லாம் போட்டேன், பதினைந்து இடமாவது இருக்கும். ஒரு பக்கத்தைக் கூடப் படிக்கவில்லை. வெளியில் வெயில், ஸ்கூலுக்கு அரை நாள்தான் பர்மிஷன் வாங்கியிருந்தேன். ஆரம்பத்தில் லிமிட் 25 லட்சம், அந்த வருடம்தான் 40 ஆனது என்று இப்போதுதான் தெரிகிறது.

வங்கியில்_இருந்தவன்:

டீச்சரம்மா, கடன் பிரிவில் வேலை பார்த்தவன் நான். அந்தப் பென்சில் இன்டு நானும் நிறையப் பேருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஜாமீன் என்றால் என்ன என்று அந்த மேசையில் விளக்கிச் சொல்ல ஒருவருக்குப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தை நாங்கள் யாரும் கொடுக்கவில்லை.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 128-வது பிரிவுப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். "முதலில் அவரிடம் வாங்குங்கள், வராவிட்டால் என்னிடம் வாருங்கள்" என்று சொல்லும் உரிமை ஜாமீன்தாரருக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1968-லேயே, பாங்க் ஆஃப் பீகார் எதிர் தாமோதர் பிரசாத் வழக்கில் சொல்லிவிட்டது. அதனால் அந்த ஆபீசர் சொன்னது முரட்டுத்தனமாகப் பட்டாலும் தவறு இல்லை.

உங்களுக்குச் சாதகமாக என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஜாமீன்தாரரின் சம்மதம் இல்லாமல் கடன் நிபந்தனையை மாற்றினால், மாற்றத்துக்குப் பிந்தைய பொறுப்பிலிருந்து அவர் விடுபடுவார் என்பது 133-வது பிரிவு. கம்பெனியில் ஆள் மாறினால் தொடர் ஜாமீன் (தொடர்ந்து நடக்கும் வரவு செலவுக்கு எல்லாம் சேர்த்துக் கொடுத்த ஜாமீன்) அந்தத் தேதிக்குப் பிந்தைய வரவு செலவுக்கு முடிந்துபோகும் என்பது கூட்டு வணிகச் சட்டம் 38-வது பிரிவு. கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? ஆனால் இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதி விட்டுக்கொடுக்கலாம், பேங்க் படிவங்களில் பெரும்பாலும் விட்டுக்கொடுத்தே அச்சாகியிருக்கும். அதனால் 2014, 2021 இரண்டு வருடத்து ஜாமீன் பத்திரத்தின் நகலையும் கேட்டு எழுத்தில் மனுக் கொடுங்கள். 2021-ல் நீங்கள் போட்ட கையெழுத்து 40 லட்சத்துக்கான புதிய ஜாமீனிலா, பழைய பாக்கியை ஒப்புக்கொள்ளும் கடிதத்திலா, எம்ஓடி (இடப் பத்திரத்தை அடமானமாக ஒப்படைத்ததற்கான ஆவணம்) நீட்டிப்பிலா என்று பார்க்க வேண்டும். வெறும் ஒப்புதல் கடிதம் மட்டும் என்றால் உங்கள் பொறுப்பு 25 லட்சத்தில் நிற்கிறது என்று வாதாட இடம் இருக்கிறது. 40-க்குப் போட்டிருந்தால் அந்த வாதம் போய்விடும். பொய் நம்பிக்கை கொடுக்க எனக்கு மனதில்லை.

அந்த 22 மிஷின் இப்போது எங்கே? அது பேங்க்குக்கு அடமானம்தான், கம்பெனி கையிலேயே இருக்கிற வகை. பேங்க் தன் கையில் இருந்த ஈட்டை நழுவவிட்டால் அந்த மதிப்புக்கு ஜாமீன்தாரர் விடுபடுவார், ஒப்பந்தச் சட்டம் 141-வது பிரிவு. மிஷின் கம்பெனி வசம் இருக்கும்போது பேங்க்தான் தொலைத்தது என்று காட்டுவது சுலபம் இல்லை. ஆனாலும் மிஷின் இன்னும் ஷெட்டில் இருந்தால், "இதை முதலில் எடுத்து விற்றுக் கடனில் வரவு வையுங்கள்" என்று இன்றைக்கே எழுதிக் கொடுத்து முத்திரை வாங்குங்கள். பின்னால் மிஷின் காணாமல் போனால் அந்தக் கடிதம் பேசும்.

அடுத்து வரப்போவது, கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை எடுக்க பேங்க்குக்கு வழி செய்யும் சர்ஃபேசி சட்டத்தின் 13(2) நோட்டீஸ். 60 நாள் கெடு இருக்கும். அதற்குள் உங்கள் ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்தால் பேங்க் 15 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். அதன் பிறகு இடத்தைச் சுவாதீனம் எடுக்கும் நடவடிக்கை வந்தால், 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், நமக்குக் கோவையில் இருக்கிறது. அந்த 45 நாளைத் தவறவிட்டவர்கள் பின்னால் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

ஓடிஎஸ் (ஒரு தொகை பேசிக் கட்டிக் கடனைத் தீர்ப்பது) பேசினால் ஒன்றை மறக்காதீர்கள். "என் பங்குக்கு இவ்வளவு கட்டினேன்" என்ற ரசீது போதாது. உங்களை ஜாமீனிலிருந்து விடுவிப்பதாகவும் பத்திரத்தைத் திருப்பித் தருவதாகவும் பேங்க் கடிதத்தில் எழுதியிருக்க வேண்டும். நூல் கடையோடு பேசினாலும் இதேதான். மூன்று பேரில் ஒருவரை அவர்கள் விடுவித்தால் மற்ற இருவரும் விடுபட்டதாக ஆகாது. நண்பர் ரகசியமாகப் போய்க் கொஞ்சம் கட்டித் தன்னை விடுவித்துக்கொண்டால், மீதி முழுதும் உங்கள் இருவர் மேல் நிற்கும்.

செக்_பவுன்ஸ்_பயம்:

குறுக்கே ஒரு கேள்வி. என் தங்கை நிலைமையும் கிட்டத்தட்ட இதுதான், ஆனால் அங்கே செக்கும் திரும்பியிருக்கிறது. செக்கில் கையெழுத்துப் போடாத பார்ட்னர் மேலும் செக் பவுன்ஸுக்கான 138 கேஸ் வருமா?

ஓய்வுபெற்ற_சிரஸ்தார்:

வரலாம். 138 இருக்கிற அதே மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 141-வது பிரிவுப்படி, அந்தச் சமயத்தில் தொழிலை நடத்தும் பொறுப்பில் இருந்தவர்கள் மேல் வரும். பெயருக்கு மட்டும் இருந்த பார்ட்னர் தப்பிக்க வழி உண்டு, ஆனால் தானாக விட்டுவிட மாட்டார்கள். முதல் நோட்டீஸுக்கு 15 நாளுக்குள், "நான் நிர்வாகத்தில் இல்லை, காரணம் இது" என்று விவரமாகப் பதில் போடச் சொல்லுங்கள். கடன் எல்லோர் தலையிலும் விழும், செக் குற்றம் நடத்தியவர் தலையில்தான் விழ வேண்டும். இரண்டையும் குழப்பி மிரட்டுபவர்கள் நிறைய.

தாராபுரம்_ரோடு:

டீச்சர், உங்கள் வேதனை புரிகிறது. அந்தத் "தனித்தனியாகவும்" என்ற சொல் எங்கள் வீட்டில் வேறு மாதிரி வந்தது, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் அப்பா பஸ்ஸில் போனபோது எதிரே வந்த லாரியோடு மோதி இறந்துபோனார். தப்பு இரண்டு டிரைவர் மேலும் இருந்தது. லாரிக்கு இன்சூரன்ஸ் இல்லை, ஓனரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. பஸ் தரப்பில் "எங்கள் டிரைவர் மேல் தப்பு 40 சதவீதம்தான், அதை மட்டும் கொடுக்கிறோம்" என்றார்கள். எங்கள் வக்கீல் 2015-ல் வந்த கென்யே வழக்கின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டினார். இரண்டு பேர் சேர்ந்து செய்த தவறில் மூன்றாவது ஆள் அடிபட்டால், அவர் முழு நஷ்டஈட்டையும் இருவரில் எவரிடமும் வாங்கலாம், பங்கைப் பிறகு அவர்கள் இருவரும் தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான். அப்படித்தான் முழுத் தொகையும் பஸ் தரப்பிலிருந்து வந்தது. அந்தப் பணத்தில்தான் தம்பி டிப்ளமோ முடித்தான். 40 சதவீதம் மட்டும் வந்திருந்தால் ஆஸ்பத்திரி பில்லுக்கே காணாது.

பல்லடம்_டீச்சர்:

தாராபுரம் ரோடு, உங்கள் அப்பாவைப் பற்றிப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த நூல் கடைக்காரர் மேல் எனக்கு இருந்த கோபம் அதன் பிறகு பாதி குறைந்தது. அவரும் கொடுத்ததைத்தான் கேட்கிறார்.

நடந்ததைச் சொல்கிறேன். சனிக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனேன். அம்மா பக்கத்தில் இருக்கும்போதே பேசினேன், மறைத்து எதுவும் இல்லை. அண்ணன் வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் எழுந்து போய் பேங்க் ஃபைலை எடுத்து வந்தார். 2021-ன் 40 லட்ச ஜாமீன் பத்திரத்தில் என் கையெழுத்து இருக்கிறது. ஆக அந்த வாதம் இல்லை, இதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். 22 மிஷினில் ஷெட்டில் இப்போது 13 இருக்கிறது. ஒன்பதை நண்பர் போன பொங்கலுக்கு முன்பே எடுத்துப்போய்விட்டாராம். மீதி 13-ஐயும் எண் போட்டு, போட்டோ எடுத்து, பேங்க்கில் மனுவாகக் கொடுத்து முத்திரை வாங்கிவிட்டேன். நூல் கடைக்குப் பதில் நோட்டீஸ் வக்கீல் எழுதுகிறார். 2019-ல் விலகியதையும், முதல் பில்லே 2022-ல்தான் என்பதையும் முதல் பத்தியிலேயே சொல்லியிருக்கிறார். ஜிஎஸ்டி தளத்தில் என் பெயரைப் பார்த்து நம்பிக் கொடுத்தோம் என்று அவர்கள் சொன்னால், அதை அவர்கள் சாட்சியம் வைத்துக் காட்டட்டும் என்றார்.

நண்பரின் பங்குக்கும் சேர்த்து அண்ணன் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் கட்டுகிற ஒவ்வொரு ரூபாயையும் திருப்பித் தருவதாக. நான் கேட்டு எழுதவில்லை, அவராகவே எழுதினார். கையெழுத்துப் போடும்போது அம்மா உள்ளே எழுந்து போய்விட்டார்.

ஐயா, கடைசியாக ஒன்று. இவ்வளவு நாள் கழித்து இப்போது பேப்பரில் விலகல் விளம்பரம் கொடுத்தால் பிரயோஜனம் உண்டா? என்ன வாசகம் போட வேண்டும்?

ஓய்வுபெற்ற_சிரஸ்தார்:

உண்டு அம்மா. பழைய பாக்கியை அது அழிக்காது. ஆனால் இனிமேல் உங்கள் அண்ணனோ அந்த நண்பரோ கம்பெனி பெயரில் வாங்கும் எந்தக் கடனும் பார்ட்னர் என்ற முறையில் உங்களைத் தொடாமல் தடுக்கும். வாசகம் இப்படி இருக்கலாம், வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிட்டுக் கொடுங்கள்:

"திருப்பூரில் இன்ன முகவரியில் இன்ன பெயரில் இயங்கிவரும் கூட்டு வணிக நிறுவனத்தில் பங்குதாரராக இருந்த நான், 2019 ஏப்ரல் மாதம் இன்ன தேதியில் எழுதப்பட்ட விலகல் பத்திரத்தின்படி அந்நிறுவனத்திலிருந்து விலகிவிட்டேன். நிறுவனத்தின் பெயரிலோ என் பெயரைப் பயன்படுத்தியோ மற்ற பங்குதாரர்கள் செய்யும் கொடுக்கல் வாங்கல் எதற்கும் நான் பொறுப்பல்ல என்பதைப் பொதுமக்களுக்கும் வணிகர்களுக்கும் வங்கிகளுக்கும் இதன் மூலம் அறிவிக்கிறேன்."

அரசிதழுக்கும் இதே வாசகம். பதிவாளருக்குக் கொடுக்கும்போது விலகல் பத்திரத்தின் நகலை இணையுங்கள். அசலைக் கையை விட்டுத் தராதீர்கள், அந்த மஞ்சள் கவரிலேயே இருக்கட்டும். 100 ரூபாய் ஸ்டாம்ப் போதுமானதா என்றும் வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். குறைவாக இருந்தால் கோர்ட்டில் காட்டும்போது அபராதத்தோடு கட்டச் சொல்வார்கள், அதை இப்போதே சரிசெய்துவிடலாம். ஜிஎஸ்டி அதிகாரிக்கு எழுதும் கடிதத்தை விளம்பரம் வரும் வரை நிறுத்தி வைக்க வேண்டாம், நாளைக்கே அனுப்பி ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். விளம்பரம் வந்த நாளிதழின் முழுப் பக்கத்தையும், தேதி தெரிகிற மாதிரி, இரண்டு பிரதி எடுத்து வையுங்கள். விளம்பரத்தை மட்டும் கத்தரித்துக்கொண்டு வந்து தேதி காட்ட முடியாமல் நின்றவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.